ஒவ்வொரு சிப்பும் வேறு, மின்னோட்டம் மட்டும் ஒன்று எப்படி?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, ஒரே தொழிற்சாலையில் வந்த மெமரி சிப்புகளில்கூட டிரான்சிஸ்டர்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கும் என்று விரிவுரையில் சொல்கிறார்கள். அப்படியென்றால் வெளியீட்டு டிரைவரின், அதாவது தரவுக் கோட்டை மேலும் கீழும் இழுக்கும் சுற்றின், மின்னோட்டம் சிப்புக்குச் சிப்பு மாற வேண்டுமே? அது எப்படிச் சரியான அளவில் நிற்கிறது? திருத்தத்துக்கென உள்ள இசட்கியூ (ZQ) பின்னில் வெளியே 240 ஓம் தடையி ஏன்? உள்ளேயே நிலையான மின்னழுத்தம் தரும் ஒரு பேண்ட்கேப் சுற்றை வைத்து வேலையை முடித்தால் என்ன?”

நல்ல கேள்வி. புத்தகங்களில் இது துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், அதனால் கொஞ்சம் ஆறுதலாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கம். டிரான்சிஸ்டர்களை ஒரே மாதிரிச் செய்ய யாரும் மினக்கெடுவதில்லை, அது முடியாத காரியம். சிப் தன்னைத்தானே வெளியே உள்ள ஒரு நம்பகமான பொருளோடு ஒப்பிட்டு அளந்து, எத்தனை டிரான்சிஸ்டரைப் போட வேண்டும் என்று தானே முடிவெடுக்கிறது. தராசு எப்படிப்பட்டது என்றாலும் படிக்கல் சரியாக இருந்தால் நிறுவை சரியாக வரும் அல்லவா, 240 ஓம் தடையி அந்தப் படிக்கல்.

சரி, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான கேட்டின் நீளம், சிப்புகள் வெட்டி எடுக்கப்படும் சிலிக்கன் தட்டான வேஃபரின் நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் இன்னொரு மாதிரியும் வரும். ஆக்சைட் படலத்தின் தடிப்பு மாறும். கேட்டுக்குக் கீழே தூவப்படும் மாசு அணுக்களின் எண்ணிக்கை மாறும், அதனால் தொடக்க மின்னழுத்தம், அதாவது டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் அளவு, மாறும். இதைத்தான் வடிவமைப்பாளர்கள் மூலைகள் என்று பிரித்துப் பேசுகிறார்கள்: என் வகை டிரான்சிஸ்டரும் பி வகை டிரான்சிஸ்டரும் வேகமான மூலை, இரண்டும் மெதுவான மூலை, ஒன்று வேகம் மற்றது மெதுவு என்ற இரண்டு குறுக்கு மூலைகள். மெமரிக்காரர்களுக்குத் தலையிடி தருவது குறுக்கு மூலைகள்தான். அங்கே கோட்டை மேலே இழுக்கும் பக்கம் பலமாகவும் கீழே இழுக்கும் பக்கம் பலவீனமாகவும், அல்லது மறுதலையாகவும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகத் திருத்தாமல் வழியில்லை.

இது உற்பத்தி மட்டும். சிப் வேலை செய்யத் தொடங்கினால் வெப்பமும் வழங்கல் மின்னழுத்தமும் சேர்ந்துகொள்ளும். சிலிக்கனில் இலத்திரன்களின் அசைவுத்திறன் ஏறத்தாழ தனி வெப்பநிலையின் மைனஸ் ஒன்றரை அடுக்காகக் குறையும். 25 பாகையிலிருந்து 85 பாகைக்குப் போனால் 298ஐ 358ஆல் வகுத்து ஒன்றரை அடுக்குக்கு உயர்த்துங்கள், 0.76 வரும். அதாவது 24 சதவீத இழப்பு. தொடக்க மின்னழுத்தம் பாகைக்கு ஒரு மில்லிவோல்ட் அளவில் குறைவது இதில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்யும். உற்பத்தி, வெப்பம், மின்னழுத்தம் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால், மிகப் பலமான டிரைவருக்கும் மிகப் பலவீனமான டிரைவருக்கும் இடையே இரண்டு மடங்கு வித்தியாசம் வரலாம்.

அது எவ்வளவு கெடுதல் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். டிடிஆர்4 (DDR4) தலைமுறை மெமரியில் வழங்கல் 1.2 வோல்ட். டிரைவர் 34 ஓம் என்றும், மறுமுனையில், அலை எதிரொலிக்காமல் இருக்க, 60 ஓம் முடிவுத் தடை 1.2 வோல்ட்டுக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்றும் வையுங்கள். கோட்டைக் கீழே இழுக்கும்போது மின்னோட்டம் 1.2ஐ 94ஆல் வகுத்தது, அதாவது 12.8 மில்லிஆம்பியர். கோடு 0.43 வோல்ட்டில் நிற்கும். இப்போது டிரைவர் 30 சதவீதம் பலவீனமாகிவிட்டது என்று 44 ஓம் போடுங்கள். மின்னோட்டம் 11.5 மில்லிஆம்பியருக்கு இறங்கும், கோடு 0.51 வோல்ட்டில் நிற்கும். 30 சதவீதம் பலமாகி 24 ஓம் ஆனால் 14.3 மில்லிஆம்பியர், 0.34 வோல்ட். ஒரே பூச்சியத்துக்கு இரண்டு சிப்புகளுக்கிடையே 0.17 வோல்ட் வித்தியாசம். முழு அலையே 0.8 வோல்ட் அளவுதான் என்னும்போது இது பெரிய தொகை. இன்னொன்று, 64 கோடுகளும் ஒன்றாகக் கீழே போகும் கணத்தில், பலமான சிப்புகளுக்கும் பலவீனமானவற்றுக்கும் இடையே மொத்த வழங்கல் மின்னோட்டத்தில் கிட்டத்தட்ட 180 மில்லிஆம்பியர் வேறுபடும். தரைக்கோட்டின் தூண்டல் அந்தப் பாய்ச்சலை இரைச்சலாக்கிவிடும். அதனால் டிரைவர் பலமாக இருப்பது நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் பேண்ட்கேப் யோசனைக்கு வருவோம். பேண்ட்கேப் சுற்று 1.2 வோல்ட் அளவில் வெப்பத்துக்கு அசையாத ஒரு மின்னழுத்தத்தைத் தரும். அதை நம்பலாம். ஆனால் நமக்கு வேண்டியது மின்னோட்டம், அதற்கு அந்த மின்னழுத்தத்தை ஒரு தடைக்குக் குறுக்கே போட வேண்டும். சிப்புக்குள் இருக்கும் பாலிசிலிக்கன் தடையோ பிளஸ் மைனஸ் 20 சதவீதம் வரை பிசகும். மேல் எண் பத்தரை மாற்றுத் தங்கம், கீழ் எண் சந்தேகம். விடை சந்தேகமாகத்தானே வரும்.

சிலிக்கனில் நம்பக்கூடியது விகிதங்களை மட்டுந்தான். பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில், ஒரே திசையில் வரைந்த இரண்டு தடைகள் இரண்டும் 20 சதவீதம் பிசகலாம், ஆனால் இரண்டும் சேர்ந்தே பிசகும். அவற்றின் விகிதம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு நிற்கும். டிரான்சிஸ்டருக்கும் அப்படியே. ஆகவே வெளியே ஒரேயொரு உண்மையான அளவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால், மிச்சம் எல்லாவற்றையும் விகிதத்தால் பெருக்கி எடுக்கலாம். மெமரி டிரைவர் வடிவமைப்பின் சாரம் முழுக்க இதற்குள் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தொழிற்சாலையிலேயே அளந்து, சிப்புக்குள் இருக்கும் சிறு ஃபியூஸ் இணைப்புகளை எரித்துத் திருத்தி அனுப்பலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். உற்பத்தி வித்தியாசத்துக்கு அது உதவும், பல சுற்றுகளில் செய்கிறார்கள். ஆனால் சோதனைப் பொறியில் நிற்கும் ஒவ்வொரு நொடிக்கும் காசு, மெமரியோ மலிவாக விற்க வேண்டிய சாமான். அதைவிட, எரித்த ஃபியூஸ் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் பின்தொடராது.

அடுத்து இசட்கியூ. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பழுதான மெமரி கார்ட் ஒன்றைச் சும்மா போலவே வாங்கலாம். வாங்கி, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து வடிவாகப் பாருங்கள். ஒவ்வொரு கறுப்புச் சிப்புக்குப் பக்கத்திலும் அரிசிக் குருணையைவிடச் சிறிய தடையிகள் இருக்கும். மேலே எழுத்து ஒன்றும் இருக்காது. மல்டிமீட்டரின் ஊசி முனையை வைத்துத் தேடினால், ஒரு பக்கம் தரையில் இணைந்து, 240 ஓம் அருகே காட்டும் ஒன்று சிப்புக்கு ஒன்றாகக் கிடைக்கும். அதுதான் அது. ஒரு சதவீதத் துல்லியம் கொண்டது.

சிப்புக்குள் அந்தப் பின்னில் மேல் இழுக்கும் கிளையின் நகல் ஒன்று இணைந்திருக்கிறது. உண்மையான வெளியீட்டில் இருக்கும் அதே டிரான்சிஸ்டர்கள், அதே அளவு, அதே வரைவு. நகலும் வெளித் தடையியும் தொடராக நிற்பதால், நகல் சரியாக 240 ஓம் ஆக இருந்தால் நடுவில் வழங்கலின் சரிபாதி மின்னழுத்தம் வரும். கம்பரேட்டர் ஒன்று அந்த நடுப்புள்ளியைச் சரிபாதியோடு ஒப்பிடும். கூடவா குறைவா என்ற ஒரே பிட் பதில். அதைக் கேட்டு ஒரு கவுண்டர், நகலில் இணையாக நிற்கும் டிரான்சிஸ்டர்களைக் கூட்டும் அல்லது குறைக்கும். பதில் மாறும் இடத்தில் நின்றுவிடும். அந்த எண்தான் இந்தச் சிப்புக்கு, இந்த வெப்பத்தில், இந்த மின்னழுத்தத்தில் உரிய குறியீடு. எல்லா வெளியீட்டுப் பின்களுக்கும் அதே குறியீடு போகும்.

கீழ் இழுக்கும் பக்கத்துக்கு இரண்டாவது வெளித் தடையி தேவையில்லை. சற்று முன் திருத்திய மேல் நகலின் இன்னொரு பிரதியை எடுத்து அதையே படிக்கல்லாக வைத்து, அதற்குத் தொடராகக் கீழ் நகலை நிறுத்தி, மறுபடியும் சரிபாதிக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு பின்னும் ஒரு தடையியும் மிச்சம். ஆனால் முதல் படியின் பிழை இரண்டாம் படிக்கும் ஏறும், அதைக் கீழே கணக்கில் காட்டுகிறேன்.

ஏன் 240? பல எண்களால் பிரிபடுவதால். டிடிஆர்3 டிரைவர் ஒரு பெரிய டிரான்சிஸ்டர் அல்ல, ஒவ்வொன்றும் 240 ஓமுக்குத் திருத்தப்பட்ட ஏழு கிளைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏழையும் போட்டால் 34.3 ஓம். ஆறு போட்டால் 40. அதே கிளைகளில் நான்கை மேலும் கீழுமாகச் சரிவரப் பாவித்தால் 60 ஓம் முடிவுத் தடை, இரண்டானால் 120. ஒரு தடவை அளந்தால் டிரைவரும் முடிவுத் தடையும் எல்லாம் ஒரே அளவீட்டில் சரியாகிவிடும். ஒவ்வொரு கிளையிலும் டிரான்சிஸ்டருக்குத் தொடராக ஒரு பாலிசிலிக்கன் தடையும் வைப்பார்கள். அந்தத் தடை பிசகினாலும் கவலையில்லை, கூட நிற்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை அதையும் சேர்த்து ஈடுகட்டும். அதன் வேலை வேறு: டிரான்சிஸ்டர் மட்டும் இருந்தால் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு வளைகோடாகப் போகும், தொடர்த் தடை அதை நேர்கோட்டுக்கு அருகே இழுத்துவரும். அளவீடு சரிபாதிப் புள்ளியில் மட்டுந்தான் நடக்கிறது என்பதால், வளைவு அதிகமானால் மற்றப் புள்ளிகளில் நம் திருத்தம் பொய்யாகும்.

இங்கே ஒரு நுணுக்கம், பரீட்சையில் வராது, வேலையில் வரும். குறியீடு 01111இலிருந்து 10000க்கு மாறுகிறது என்று வையுங்கள். ஐந்து பிட்டும் ஒரே கணத்தில் வந்து சேராது. நாலு சிறிய பிட்டுகள் முதலில் அணைந்து, பெரிய பிட் அரை நானோசெக்கன் பிந்தினால், அந்த இடைவெளியில் எல்லா டிரான்சிஸ்டரும் அணைந்து கிடக்கும். தரவு போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி நடந்தால் ஒரு பிட் கெட்டுவிடும். இதனால்தான் கோடு சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் புதிய குறியீட்டை ஏற்றுகிறார்கள். டிடிஆர்5இல் அளக்கும் கட்டளை வேறு, அளந்ததை டிரைவருக்கு ஏற்றும் கட்டளை வேறு. அளவீடு பின்னணியில் நடக்கும், மாற்றம் கன்ட்ரோலர் சொல்லும் கணத்தில் நடக்கும்.

சரி, எவ்வளவு பிழை மிஞ்சும்? டிடிஆர்3 நியமத்தில், திருத்திய பிறகு, நடுப்புள்ளியில் தடை பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதே எல்லையை 1.2 வோல்ட் வழங்கலிலும் வைத்துப் பார்ப்போம், தாராளமானதுபோலத் தெரியும். நான் புதிதாக வருபவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன். வெளித் தடையி 1 சதவீதம். ஐந்து பிட் குறியீடு மொத்தம் 80 சதவீத வீச்சை மூட வேண்டும் என்றால் ஒரு படி 2.6 சதவீதம், கிட்டிய படியைத் தேர்ந்தாலும் 1.3 சதவீதப் பிழை. அப்புறம் கம்பரேட்டரின் ஆஃப்செட், அதாவது ஒப்பிடும்போது அது தானே செய்யும் நிலையான பிசகு. 1.2 வோல்ட் வழங்கலில் நடுப்புள்ளி 0.6 வோல்ட். தடை ஒரு சதவீதம் மாறினால் அந்தப் புள்ளி 3 மில்லிவோல்ட் அசையும். ஆகவே 10 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்தால் 3.3 சதவீதப் பிழை. கூட்டுங்கள்: மேல் பக்கத்துக்கு 5.6. கீழ் பக்கம் இதன் மேல் இன்னொரு ஆஃப்செட்டும் இன்னொரு படிப் பிழையும் சுமக்கும்: 10.2. எல்லை தாண்டிவிட்டது! நகலுக்கும் உண்மையான பின்னுக்கும் இடையிலான பொருத்தமின்மையையோ, வழங்கல் கோட்டில் ஏற்படும் வீழ்ச்சியையோ நாம் இன்னும் சேர்க்கவேயில்லை.

பெரிய எதிரி யாரென்று இந்தக் கூட்டலில் தெரிகிறது. டிரைவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பவர்கள், அதை அளக்கும் கம்பரேட்டரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பெல்க்ரோம் என்ற பொறியாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கிறது: பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களின் பொருத்தமின்மை, பரப்பளவின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு. நான்கு மடங்கு பரப்புக் கொடுத்தால் ஆஃப்செட் பாதியாகும். கம்பரேட்டர் சிப்புக்கு ஒன்றோ இரண்டோதான், வேகமும் பெரிதாகத் தேவையில்லை, ஆகவே அதன் உள்ளீட்டு இணையைத் தாராளமாகப் பெரிதாக்கலாம். இன்னொரு வழி, உள்ளீடுகளை இடம் மாற்றி இரண்டு முறை அளந்து சராசரி எடுப்பது. ஆஃப்செட் ஒரு முறை கூட்டலாகவும் மறுமுறை கழித்தலாகவும் வந்து அடிபட்டுப் போகும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும், பரப்பளவை விரயமாக்காமல் கொஞ்ச நேரத்தை மட்டும் செலவழிக்கிறது.

அளப்பதை ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்பதற்கும் நியமத்தில் அழகான கணக்கு உண்டு. சிப் உயிர்பெற்றதும் நடக்கும் நீண்ட திருத்தத்துக்கு டிடிஆர்3இல் 512 கடிகாரச் சுழற்சிகள், டிடிஆர்3-1600 வேகத்தில் அது 640 நானோசெக்கன். வேலையின் நடுவே நடக்கும் குறுந்திருத்தத்துக்கு 64 சுழற்சிகள், 80 நானோசெக்கன். ஒரு குறுந்திருத்தம் குறைந்தது 0.5 சதவீதப் பிழையை நீக்க வேண்டும். நியமம் தரும் உதாரணத்தில், தடை பாகைக்கு 1.5 சதவீதமும் மில்லிவோல்ட்டுக்கு 0.15 சதவீதமும் மாறும். வெப்பம் செக்கனுக்கு ஒரு பாகை, மின்னழுத்தம் செக்கனுக்கு 15 மில்லிவோல்ட் என நகர்கிறது. அப்படியானால் செக்கனுக்கு 1.5ஐயும் 2.25ஐயும் கூட்டி 3.75 சதவீதம் பிசகும். 0.5ஐ 3.75ஆல் வகுத்தால் 0.133 செக்கன். ஆகவே ஏறத்தாழ 128 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை குறுந்திருத்தம். கொழும்புச் சித்திரை வெயிலில், குளிரூட்டி இல்லாத அறையில் ஒரு கம்பியூட்டரைப் போட்டு உடனே பாரமான வேலை கொடுத்தால், மெமரி அறை வெப்பத்திலிருந்து சில நிமிடங்களில் பல பாகை ஏறும். அந்த ஏற்றம் முழுவதையும் இந்தச் சின்னச் சின்னத் திருத்தங்கள் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும்.

இதுவரை சொன்னது தடையைத் திருத்தும் முறை, மின்னோட்டம் அதன் விளைவாகச் சரியாகிறது. மின்னோட்டத்தையே நேரடியாகத் திருத்திய குடும்பம் ஒன்றும் இருந்தது: ராம்பஸ். பிளேஸ்டேஷன் 2 உள்ளே இருந்த 32 மெகாபைட் மெமரி அந்த வகை. அங்கே டிரைவர் ஒரு மின்னோட்ட மூலம், கீழே மட்டும் இழுக்கும். கோட்டின் மின்மறுப்பு 28 ஓம், முடிவில் 1.8 வோல்ட். டிரைவர் அணைந்தால் கோடு 1.8, இழுத்தால் 1.0, நடுவில் 1.4 ஒப்பீட்டு அளவு. 0.8ஐ 28ஆல் வகுத்தால் 28.6 மில்லிஆம்பியர் தேவை. கீழ்மட்டம் பூச்சியத்துக்குப் போகாமல் 1.0 வோல்ட்டில் நிற்பதற்கும் காரணம் இருக்கிறது: டிரான்சிஸ்டர், குறுக்கே உள்ள மின்னழுத்தம் மாறினாலும் மின்னோட்டம் பெரிதாக மாறாத நிரம்பல் பகுதியில் இருந்தால்தான் மின்னோட்ட மூலம்போல நடக்கும், அதற்கு அதன் குறுக்கே போதிய மின்னழுத்தம் மிஞ்ச வேண்டும்.

அந்த 28.6 மில்லிஆம்பியரை அளக்க அவர்கள் ஆம்பியர் எதையும் அளக்கவில்லை. இரண்டு பின்களை எடுத்து, ஒன்றைக் கீழே இழுத்து, மற்றதை மேலேயே விட்டு, இரண்டுக்கும் நடுவே சமமான இரண்டு தடைகளை வைத்துச் சராசரியை எடுத்தார்கள். மின்னோட்டம் சரியென்றால் 1.8க்கும் 1.0க்கும் சராசரி 1.4. அது ஒப்பீட்டு அளவோடு பொருந்தும். மின்னோட்டம் 10 சதவீதம் கூடினால் கீழ்மட்டம் 0.92 ஆகும், சராசரி 1.36. கம்பரேட்டர் கூடிவிட்டது என்று சொல்லும், கவுண்டர் ஒரு படி குறைக்கும். அந்த இரண்டு தடைகளும் 20 சதவீதம் பிசகினாலும் பரவாயில்லை, சமமாக இருந்தால் போதும். பலகையில் உள்ள முடிவுத் தடை கொஞ்சம் பிசகினால், அதையும் சேர்த்தே இந்த வளையம் ஈடுகட்டும், ஏனென்றால் மறுமுனை எதைப் பார்க்கிறதோ அதையே இது அளக்கிறது. நான் கற்ற சுற்றுகளில் மனதுக்கு மிக நெருக்கமானது இது. ராம்பஸ் மெமரி சந்தையிலிருந்து போய்விட்டது, இந்த யோசனையைப் படிக்காமல் விட வேண்டாம்.

செய்து பார்க்க இரண்டு வழி சொல்கிறேன். கையால் செய்வதென்றால் முதலாம் குறுக்குத் தெருவில் 2என்7000 என்ற தனி டிரான்சிஸ்டர் (மொஸ்ஃபெட்) ஒரு கைப்பிடி வாங்குங்கள். டேட்டாஷீட்டிலேயே அதன் தொடக்க மின்னழுத்தம் 0.8 முதல் 3 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறது. கேட்டையும் டிரெயினையும் சேர்த்து, 9 வோல்ட்டிலிருந்து 6.8 கிலோஓம் வழியாக ஊட்டினால் ஏறத்தாழ ஒரு மில்லிஆம்பியர் ஓடும், மொஸ்ஃபெட்டின் குறுக்கே காட்டுவதுதான் தொடக்க மின்னழுத்தம். ஒவ்வொன்றாக மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்எம்358 செயற்பாட்டுப் பெருக்கி ஒன்றை வைத்து, மொஸ்ஃபெட்டின் சோர்ஸில் 100 ஓம் ஒரு சதவீதத் தடையி போட்டு, அதன் மேல்முனையை எல்எம்358இன் மறை உள்ளீட்டுக்குத் திருப்பி, நேர் உள்ளீட்டுக்கு 1 வோல்ட் கொடுங்கள். டிரெயினில் 10 மில்லிஆம்பியர் வரும். எந்த மொஸ்ஃபெட்டைச் செருகினாலும் அதே 10. கேட்டின் மின்னழுத்தம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக நிற்கும், அதையும் அளந்து முதல் அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

கணினியில் செய்வதென்றால், 2020இல் திறந்துவிடப்பட்ட ஸ்கைவாட்டர் தொழிற்சாலையின் 130 நானோமீட்டர் டிரான்சிஸ்டர் மாதிரிகளை இலவசமாக எடுத்து, என்ஜிஸ்பைஸ் என்ற சுற்று உருவகப்படுத்தும் மென்பொருளில் ஓட்டலாம். மேலே சொன்ன நான்கு மூலைகளும், நடுத்தரமான ஒன்றும் சேர்த்து ஐந்தும் அதற்குள் இருக்கின்றன. முதலில் திருத்தம் இல்லாத ஒரு கிளையை எல்லா மூலைகளிலும், 0 பாகையிலும் 85 பாகையிலும் ஓட்டி மின்னோட்டத்தைக் குறியுங்கள். அப்புறம் ஐந்து பிட் கவுண்டரைக் கட்டி, குறுக்கு மூலைகளில் மேல் குறியீடும் கீழ் குறியீடும் எவ்வளவு தூரம் விலகுகின்றன என்று பாருங்கள். கம்பரேட்டருக்கு முதலில் இலட்சிய மாதிரி ஒன்றைப் போட்டு, பிறகு 10 மில்லிவோல்ட் ஆஃப்செட்டைச் சேர்த்து ஓட்டினால், 1.2 வோல்ட் வழங்கலில், மேலே கையால் போட்ட 3.3 சதவீதத்துக்கு அருகே, படிப் பிழையால் கொஞ்சம் கூடக் குறைய, திரையில் வரும். வராவிட்டால் நடுப்புள்ளி மின்னழுத்தத்தை எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வெளித் தடையிக்கு 5 சதவீதத் தடையி போதாதா என்று கடையில் கேட்டால், அந்த 10.2 கணக்கில் 1ஐ 5ஆக மாற்றிக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.